ராஜம் பெயரில் ஒரு ஓட்டு

1962 பிப்ரவரி 11, ஞாயிறு

காலையில் பனி. எட்டு மணிவரை மலை தெரியவில்லை. கோயிலில் மாசித் திருவிழா. நாகஸ்வரம் காற்றடிக்கும்போது மட்டும் கேட்கிறது.

வேலைகள்: ஓடு மாற்ற ஆள் (குரங்கு மறுபடி உடைத்துவிட்டது). காப்பிக்கொட்டை. மூக்குக்கண்ணாடிக்குத் திருகாணி.

பத்து மணிக்குச் சண்முகம். கொழுந்தனார் மகன் என்பதால் வாசலில் நின்று கூப்பிடும் வழக்கம் கிடையாது, நேரே அடுக்களை. தேர்தல் வந்ததிலிருந்து அவன் கால் தரையில் பாவவில்லை. பெண்கள் வாக்குச்சாவடியில் நம் பக்கத்து ஏஜெண்டாக உட்கார ஒரு பெண் வேண்டுமாம். படித்தவளாக. எதிர்த்துப் பேச மற்றவர்கள் தயங்குகிறவளாக.

"ஒங்களை விட்டா யாரு இருக்கா பெரியம்மா? நீங்க கண்ணாடி வழியா ஒரு பார்வை பாத்தாப் போதும். கள்ள ஓட்டுப் போட வந்தவ அப்படியே திரும்பிருவா."

முகஸ்துதி. ஆனாலும் சரி என்றேன். போன தேர்தலில் ஒருத்தி சேலையை மாற்றி மாற்றிக் கட்டிக்கொண்டு மூன்று தடவை போட்டாள் என்று தெருவே சிரித்தது. சிரிக்கிற விஷயமா அது?

வாக்காளர் சீட்டுகளை மேசைமேல் வைத்துவிட்டுப் போனான். எங்கள் வீட்டு இலக்கத்துக்கு இரண்டு. ஒன்று எனக்கு. மற்றது ரா.வுக்கு.

அவன் கவனிக்கவில்லை போலும்.

பிப். 12, திங்கள்

பல்வலி. கிராம்பு.

அந்தச் சீட்டு வந்ததற்குக் காரணம் நான்தான். பட்டியலைத் தாலுகா கச்சேரியில் பார்வைக்கு வைத்திருந்தபோது போனேன். பிழை திருத்தலாம், காலமானவர் பெயரை எடுக்க மனுக் கொடுக்கலாம். என் பெயரில் ஓர் எழுத்துக்குக் காலைக் காணோம், போடச் சொன்னேன். அதற்கு அடுத்த வரி அவளுடையது. ராஜம், தகப்பனார் பெயர், வயது நாற்பத்தொன்று. குமாஸ்தா, "வேற ஏதும் உண்டுமா அம்மா?" என்றார். இல்லை என்று வந்துவிட்டேன்.

புரட்டாசியிலிருந்து அந்தச் சொல்லை நான் யாரிடமும் சொன்னதில்லை. உள்ளூரில் எல்லோருக்கும் தெரியும், சொல்ல வேண்டியிருக்கவில்லை. வெளியூர்க்காரர்கள் கேட்டால் "மகள் இங்கே இல்லை" என்பதோடு சரி.

பிப். 15, வியாழன்

குற்றாலம். மாதர் சங்கத்தில் பேச்சு, "ஓட்டும் ஒழுக்கமும்". தலைப்பு அவர்கள் கொடுத்தது.

பஸ்ஸில் நெற்கட்டு வாசனை; எங்கும் பிசான அறுவடை. அருவியில் நூல்போலத் தண்ணீர். பங்களாக்கள் எல்லாம் பூட்டு. கடைத்தெருவில் எண்ணெய்க்காரர் ஒருவர் மட்டும், தேய்த்துவிட ஆளில்லாமல் தன் காலையே தேய்த்துக்கொண்டிருந்தார்.

முப்பது பேர் இருக்கும். நான் எப்போதும் சொல்வதைச் சொன்னேன். அரிசிக்கே கார்டு வேண்டும் என்கிற நாட்டில், ஆட்சியைத் தேர்ந்தெடுக்க ஒரு அத்தாட்சியும் வேண்டாமா? கையெழுத்து, கைரேகை, முடிந்தால் போட்டோ, ஏதாவது ஒன்று. வாயால் சொன்னால் நம்புவது என்றால் பொய் சொல்கிறவளுக்குத்தான் வசதி.

கைதட்டல். பின்வரிசையிலிருந்து ஒரு அம்மாள் எழுந்தாள். தேங்காய் எண்ணெய்த் தலை, வெற்றிலை வாய்.

"போட்டோ யாரு எடுத்துக் குடுப்பா தாயீ? எனக்குப் பொறந்த தேதியே தெரியாது. வெள்ளம் வந்த வருசம்னு எங்க அம்மை சொல்லுவா. எந்த வெள்ளம்னு கேக்குததுக்குள்ள அவ போய்ச் சேந்துட்டா."

சிரிப்பு. "ஒழுங்காக இருக்க நினைத்தால் வழி இருக்கும்" என்றேன். கொஞ்சம் கடுமையாகவே.

திரும்பும் பஸ்ஸில் மனம் சரியில்லை. அந்த அம்மாள் கேட்டது ரா. கேட்பதுதான். ஏழெட்டு வருஷமாகச் சாப்பாட்டு நேரத்தில் எனக்கும் அவளுக்கும் இதே சண்டை. பள்ளிக்கூடத்திலிருந்து அவளை வாக்காளர் பட்டியலுக்கு வீடு வீடாகக் கணக்கெடுக்க அனுப்பிய காலத்தில் தொடங்கியது. "காகிதம் கேட்டால் முதலில் யார் வெளியே நிற்பாள் தெரியுமா அம்மா? கள்ளி இல்லை. அவள் காகிதத்தோடு வருவாள். பீடி சுற்றுகிறவள்தான் நிற்பாள்."

"திருடனுக்குப் பயந்து பூட்டுப் போடுவது தப்பா?"

"பூட்டலாம். வீட்டுக்காரி வெளியே நிற்கும்போது பூட்டக்கூடாது."

எல்லாவற்றுக்கும் ஒரு பதில் வைத்திருப்பாள். அவளுக்கு அப்பா மூளை.

பிப். 18, ஞாயிறு

வெயில் ஏறிவிட்டது. திருவிழாக் கூட்டம். இரண்டு பக்கத்துக் கார்களும் ஒலிபெருக்கியோடு ரதவீதியைச் சுற்றுகின்றன. சாமி புறப்பாட்டுக்கு மட்டும் வாயை மூடிக்கொண்டார்கள்.

ஓடு மாற்றியாயிற்று. திருகாணி சரியில்லை, மறுபடி கழன்றது.

சண்முகம் புதன்கிழமை ஏற்பாட்டைச் சொன்னான். பெண்கள் பள்ளிக்கூடத்தில் சாவடி. ஏழு மணிக்கு வில்வண்டி வரும். பகல் ஒரு மணிக்கு எனக்கு மாற்றாள் வருவாள், நான் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுப் படுத்துவிட்டு மூன்று மணிக்கு வந்தால் போதும்.

"வயசான காலத்துல அலட்டிக்கிடாதீய. ஒரு மணிக்கு டாண்ணு கிளம்பிரணும், என்ன?"

இவ்வளவு கரிசனம் எப்போது வந்தது? சந்தோஷப்பட்டேன், பைத்தியக்காரி.

அது ரா. வேலை பார்த்த பள்ளிக்கூடம். உள்ளே போய் மாதக்கணக்காகிறது.

பிப். 20, செவ்வாய்

எடுத்துப் போக வேண்டியவை: ஏஜெண்டு நியமனக் காகிதம். கண்ணாடி, நூல் கட்டி. இரண்டு பென்சில். தயிர்சாதம், நாரத்தங்காய் (மாற்றாளை நம்புவதற்கில்லை). வெந்நீர். ஆட்சேபக் கட்டணத்துக்குச் சில்லறை. ஒருத்தியை ஆள்மாறாட்டம் என்று ஆட்சேபித்தால் தலைக்கு இரண்டு ரூபாய் கட்ட வேண்டும், நிரூபணமானால் திரும்பக் கிடைக்கும்.

'அவர்கள்' பெயர் அச்சிட்ட பழைய கடித உறை ஒன்று. அதிகாரி புருஷன் பெயர் கேட்பார். நான் சொல்ல முடியாது, காட்டலாம்.

பிப். 21, புதன்

நிதானமாக எழுத வேண்டும்.

ஆறாம் வகுப்பு அறை. கரும்பலகையை யாரோ துடைத்து வைத்திருந்தார்கள். அதிகாரி வெளியூர்க்காரர், முப்பது வயது, மரியாதை தெரிந்தவர். எனக்கு எதிர்ப்பெஞ்சில் எதிர்ப்பக்கத்து ஏஜெண்டு செய்யது பீவி, பீடிக்கடை முதலாளி மனைவி. கனத்த குரல், ஊர்ப்பட்ட வாய்.

"ஆச்சி, ஒங்களுக்கு மூக்குல கண்ணு, எனக்கு நாக்குல கண்ணு. இன்னைக்கு ஒருத்தி தப்ப மாட்டா."

அவளை எனக்குப் பிடிக்காது. ஆனால் நியாயம் பார்க்கிறவள்.

முதல் வரிசையில் என் ஓட்டு. உறையைக் காட்டினேன். அதிகாரி படித்துவிட்டுப் புன்னகை செய்தார். மை, விரலில் குளிர்ச்சி.

அப்புறம் கூட்டம். பாதி நேரம் புருஷன் பெயரில் போயிற்று. பட்டியலில் இருக்கிற பெயரை அவள் வாயால் சொல்ல வேண்டும். அவளோ உயிர் போனாலும் சொல்ல மாட்டாள்.

"சொல்லுங்கம்மா, வீட்டுக்காரர் பேரு?"

"பழனியில கையில கம்போட நிப்பாவள்லா, அவிய பேரு."

"தண்டபாணியா?"

தலையைத் தலையை ஆட்டல். வெட்கம். இன்னொருத்தி பின்னால் நின்றவளை முழங்கையால் இடித்து, "நீ சொல்லேன்ட்டி, ஒனக்குக் கொழுந்தன்தானே" என்கிறாள். ஒரு கிழவி தோள் குழந்தையைத் தட்டி, "ஏலே, ஒந் தாத்தா பேரச் சொல்லுலே" என்றாள். அது "தாத்தா" என்றது. அதிகாரி தலையில் கையை வைத்துக்கொண்டார். செய்யது பீவி சந்தேகப்பட்ட இருவரை நான் அடையாளம் சொன்னேன்; நான் சந்தேகப்பட்ட ஒருத்தியை அவள் சொன்னாள்.

ஒரு மணிக்கு மாற்றாள் வந்தாள். கூட்டம் குறையவில்லை. அரைகுறையாய் விட்டுப் போக மனசில்லை, நீ வெளியே சீட்டு எழுது என்று அனுப்பிவிட்டுப் பெஞ்சிலேயே தயிர்சாதத்தைப் பிரித்தேன்.

இரண்டாவது கவளம். குமாஸ்தா சத்தமாகப் படித்தார்.

"ராஜம்."

"நாந்தான்" என்றது ஒரு குரல்.

நிமிர்ந்தேன். ஒரு நொடி. அந்த ஒரு நொடியில் நான் என்ன நினைத்தேன் என்பதை இங்கேகூட எழுத முடியாது.

கறுத்த, ஒல்லியான பெண். இருபது, இருபத்திரண்டு. முழங்கையில் அறுவடைக் கீறல். கையில் புதிதாக எழுதின சீட்டு. சண்முகத்தின் கையெழுத்து எனக்குத் தெரியாதா?

செய்யது பீவி முந்திக்கொண்டாள். "வயசு நாப்பத்தொண்ணுல்லா போட்டிருக்கு! குத்தாலத்துல குளிச்சா இருவது வயசு கொறயுமோ? தெரியாமப் போச்சே, நானும் போயிருப்பேனே!"

எல்லோரும் சிரித்தார்கள். பெண் சிரிக்கவில்லை. அதிகாரி, "சீட்டில் இன்னொரு பேரு இருக்கே, அது என்ன? சொல்லு" என்றார்.

பெண் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சுவரைப் பார்த்தாள்.

"சொல்லும்மா."

"அது எப்படிச் சொல்லுவேன்? அவிய பேரல்லா கேக்கிய?"

"யார் பேரு?"

"வீட்டு ஆளு பேரு."

அதிகாரி பட்டியலை இன்னொரு தடவை பார்த்தார். "இது புருஷன் பேரு இல்லையம்மா. தகப்பனார் பேரு."

அவளுக்கு இரண்டு பெயர்கள் சொல்லிக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். முதலாவது தன்னுடையது என்று சொல்ல வேண்டும், சொல்லிவிட்டாள். இரண்டாவது புருஷனுடையது என்று அவளாக எடுத்துக்கொண்டாள். யாரோ ஒருவர் பெயர்தானே, சொல்லிவிட்டுப் போக வேண்டியதுதானே? முடியவில்லை. பொய்ப் பெயரைச் சொன்ன வாய்க்குப் பொய்ப் புருஷன் பெயர் வரவில்லை. அது 'அவர்கள்' பெயர். நாற்பது வருஷத்துக்கு மேலாக நான் சொல்லாத பெயர். அந்தப் பெண்ணும் சொல்லவில்லை.

அதிகாரி என்னிடம் திரும்பினார். "அம்மா, இது உங்க வீட்டு இலக்கம். இவங்க உங்க மகளா?"

"இது அவள் இல்லை."

"அப்படின்னா அவங்க எங்கே?"

"இங்கே இல்லை."

"வெளியூரா? இன்னைக்கு ஓட்டுப் போட வருவாங்களா?"

"வரமாட்டாள்."

அவர் பேனாவோடு காத்திருந்தார். செய்யது பீவிதான் எழுந்தாள். அவ்வளவு மெதுவாக அவள் பேசி நான் கேட்டதில்லை.

"டீச்சரம்மா மவுத்தாகி அஞ்சு மாசமாவுது சார். ஆச்சியை விட்டுருங்க. எம் மவளுக்கு இந்த ரூம்புலதான் பாடம் சொல்லிக் குடுத்தாவ."

ஆட்சேபம் யார் செய்கிறீர்கள் என்றார். நான் என்றேன். நம் பக்கத்துக்கு வந்த ஓட்டு, நம் பக்கத்து ஏஜெண்டு. வாசலில் யாரோ, "கிறுக்குப் பிடிச்சிருச்சா ஆச்சிக்கு?" என்றார்கள்.

பெண்ணைப் போலீஸ் கூட்டிப்போயிற்று. பெயர் மாடத்தி. சுரண்டைப் பக்கம். வாசல்வரை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள், என்னை.

ஐந்து மணிவரை உட்கார்ந்திருந்தேன். வேலை முடிய வேண்டுமே.

பிப். 22, வியாழன்

தூக்கமில்லை. காப்பி கசந்தது.

காலையில் மாடத்தியின் மாமியார் வாசலுக்கு வந்தாள். அழவில்லை. கேட்டாள்.

"ஏ ஆச்சி, ஒங்க வீட்டு ஆளு வந்து கூப்பிட்டாவ. ஒங்க வீட்டுப் பேரைச் சொல்லச் சொன்னாவ. வந்தா, ஒங்க வீட்டு ஆச்சியே புடிச்சுக் குடுக்கீய. இது என்ன நியாயம்?"

நேற்றுச் சாயந்திரம் ஊர்த் தலையாரி ஜாமீனில் விட்டிருக்கிறார்கள். நாளை ஸ்டேஷனுக்கு வரவேண்டும். வழக்கு அவள் ஒருத்திமேல்தான்.

"அவளுக்கு ஓட்டு இல்லையா?" என்றேன்.

"லிஸ்டுல பேரு இல்ல. எழுத வந்த அன்னைக்கு வீட்டு ஆம்பளைக இல்ல, புருசன் பேரைச் சொல்லத் தெரியலைன்னு விட்டுட்டுப் போயிட்டானுவ. ஒம் பேரு இந்தப் பேருலதான் விழுந்திருக்குன்னு ஒங்க ஆளு சொன்னாவ. ஆளு ஒண்ணு, ஓட்டு ஒண்ணுன்னு நெனச்சுட்டா. கழுதைக்கு மையி வச்சுக்கிடணும்னு ஆசை."

மோர் கொடுத்தேன். குடிக்கவில்லை.

ரா. இருந்திருந்தால் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டாள். சாதத்தைப் பிசைந்துகொண்டே இருப்பாள். அது எனக்குத் தாங்காது.

மத்தியானம் சண்முகம். முகம் கறுத்து.

"ஒரு மணிக்குக் கிளம்பச் சொன்னேன்லா?"

"அதற்காகத்தானா?"

"அக்கா ஓட்டு வீணாப் போகுதேன்னு பாத்தேன். அவ இருந்தா நம்ம பக்கம்தானே போடுவா?"

"போடமாட்டாள். போன தடவையும் போடவில்லை. என்னிடம் சொல்லிவிட்டுத்தான் போனாள்." அன்று இரண்டு நாள் அவளோடு நான் பேசவில்லை. அதை அவனிடம் சொல்லவில்லை.

அவன் சிரித்தான். "அப்போ கணக்கு நேராகிப் போச்சுன்னு வச்சுக்கிடுங்க."

கை ஓங்கியிருப்பேன். கன்னிமாடப் பள்ளிக்கூடத்துச் சிஸ்டர்கள் வளர்ப்பு, ஓங்கவில்லை. அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் தெரியாது என்று நாளை ஸ்டேஷனில் நீ சொல்ல வேண்டும் என்றேன்.

"சொன்னா மாட்டுதது நான்லா? அக்கா விசயம் எனக்குத் தெரியாது, லிஸ்டைப் பாத்து எவனோ சீட்டு எழுதிட்டான்னு சொல்லிருவேன். நீங்க வாயைத் திறக்காதீய, அது போதும்."

"உனக்குத் தெரியாதா?"

செருப்பை மாட்டிக்கொண்டே, குரலைத் தணித்துச் சொன்னான்: "அக்காவுக்கு நாந்தான் செஞ்சேன். நாளைக்கு ஒங்களுக்கும் நாந்தான் செய்யணும். வேற யாரு இருக்கா? யோசிச்சுக்கிடுங்க பெரியம்மா."

யோசித்தேன். உண்மைதான். வேறு யாருமில்லை. ஆய்க்குடியில் 'அவர்கள்' வகையில் ஒரு பையன், முகம்கூட ஞாபகமில்லை. வாய்க்கரிசி போட ஆள் இல்லாமல் போவேனா என்று அறுபத்தெட்டு வயதில் நான் பயப்படுவேன் என்று எண்ணியதில்லை. பயமாகத்தான் இருக்கிறது.

சாயந்திரம் பூ வாங்கவில்லை. விளக்கு மட்டும்.

பிப். 23, வெள்ளி

வெயில். ஒன்பது மணிக்கு ஸ்டேஷன். வில்வண்டி அனுப்பவில்லை, நடந்தே போனேன். குடை.

மாடத்தி தாழ்வாரத்தில் குத்தவைத்திருந்தாள். இடதுகை விரலில் மை இல்லை. சண்முகம் பெஞ்சில், இன்ஸ்பெக்டரோடு வெற்றிலை. என்னைக் கண்டு எழுந்தான், பழக்கம்.

வாக்குமூலம் எழுதுகிற ரைட்டர் வயதானவர். நாற்காலி போட்டார். ஏட்டில் என் பெயர், வயது, விலாசம். உறையை எடுத்து வரவில்லை. அவர் கேட்டதும் 'அவர்கள்' பெயரைச் சொன்னேன். வாயில் புதிதாக இருந்தது.

"பட்டியலில் உள்ள ராஜம்ங்கிறது?"

"என் மகள்."

"இப்ப எங்க இருக்காங்க?"

"செத்துப்போய்விட்டாள்."

பேனா நிற்கவில்லை. அவருக்கு அது ஒரு வரி. என்ன நோய், எந்த மாதம் என்று கேட்டுக்கொண்டே எழுதினார். சிறுநீரகம். புரட்டாசி. சொல்லிக்கொண்டே வந்தேன். சொல்ல முடிந்தது.

பிறகு: இந்தப் பெண் எழுத்து அறியாதவள், பெயர் விழுந்திருக்கிறது என்று நம்ப வைத்துக் கூட்டிவரப்பட்டாள், சீட்டு எழுதியது சண்முகம், ராஜம் உயிரோடு இல்லை என்பது அவனுக்குத் தெரியும்.

"பெரியம்மா" என்றான் பெஞ்சிலிருந்து. சின்னப் பிள்ளையில் ஓணானைப் பிடித்து வைத்துக்கொண்டு, விடச் சொன்னால் கெஞ்சுவானே, அந்தக் குரல்.

ரைட்டர் கண்ணாடியைக் கழற்றினார். "நல்லா யோசிச்சுச் சொல்லுங்க ஆச்சி. அவருக்குத் தெரியும்னு எப்படிச் சொல்லுதிய? கோர்ட்டுல கேப்பாவ."

"என் மகளுக்குக் கொள்ளி வைத்தவன் அவன். எழுதுங்கள்."

எழுதினார்.